காய்ந்த பிரஷ்ஷும் ஒரு சம்மதத் தாளும்

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு மேம்பாலத்துக்குக் கீழே நடந்த சுவரோவியத் திறப்பு விழாவுக்குப் போய்விட்டு வந்தேன். அன்றைக்கு ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்குவதற்குள் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பள்ளிக்கூடச் சீருடையில் பன்னிரண்டு பிள்ளைகள் தூணை ஒட்டி வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரஷ். தூணில் மயில், பூமி உருண்டையைத் தாங்கும் இரண்டு கைகள், புத்தகம் படிக்கும் பெண், மரம். போட்டோ எடுப்பவர் “சிரிங்க, சிரிங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் வரிசையின் ஓரத்தில் நின்ற ஒரு பெண்பிள்ளையிடம் போய், “இதுல எது நீ வரைஞ்சது கண்ணு?” என்று கேட்டேன்.

“எதுவும் இல்ல பாட்டி. பிரஷ்ஷப் புடிச்சிக்கினு நிக்கச் சொன்னாங்க.”

“அப்ப இந்த மயிலு?”

“அது நாங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சி.”

பிரஷ்ஷை வாங்கி விரலால் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. காய்ந்திருந்தது என்று சொல்வதுகூடத் தப்பு. நனைந்தால்தானே காய்வதற்கு? கைப்பிடியில் கடைக்காரன் ஒட்டிய விலை ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. மூன்று நாளுக்கு முன்னால் கூலிக்கு வந்த ஆட்கள், எங்கிருந்தோ வந்த அச்சு அட்டையைத் தூணில் வைத்து வண்ணம் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்தில் பெரிய பேனர்: ‘இளையோர் படைப்பாற்றல், சமூகக் கூட்டு முயற்சி’.

அந்த நேரத்தில்தான் நித்யா வந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். நல்ல பெண், வேலைக்கு அஞ்சாதவள். கையில் ஒரு தாள்.

“அக்கா, மக்கள் குழுவுல உங்க பேரையும் சேர்த்திருக்கோம். ஒரு கையெழுத்து மட்டும்.”

படித்தேன். ‘ஓவியங்கள் அனைத்தும் மாணவ மாணவியரால் கற்பனை செய்யப்பட்டு, அவர்களாலேயே வரையப்பட்டவை எனச் சான்றளிக்கிறேன்.’

“வீட்டுக்கு எடுத்துக்கினு போய் நிதானமாப் பாக்கறேன்” என்றேன்.

“சரிக்கா. அப்டியே உங்க காலத்துல எப்டிப் பண்ணீங்கன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன். புதுசா சேர்ந்தவங்களுக்கு ஆகும்.”

இது அந்த நாலு பக்கம். என் காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று எழுதுவேன் என நித்யா நினைத்திருப்பாள். அப்படி எழுதினால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது.

நான் பத்தாவது வரை படித்தவள். திண்டிவனத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் பால்வாடி உதவியாளராகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், அது இப்போது வேறு கைக்கு மாறிவிட்டது. பிறகு மகளிர் குழு, பிறகு பள்ளிப் பிள்ளைகளோடு சுவரில் படம் வரையும் வேலை. எனக்கு ஒரு கோடு நேராக வராது. மார்கழியில் நான் போட்ட கோலத்தைப் பார்த்து, “மல்லிகா, கோழி கிளறிட்டுப் போயிடுச்சி போல” என்று பக்கத்து வீட்டில் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை ஆட்களைப் பேச வைப்பது. அவர்கள் சொன்னது பிடித்துப்போனால் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்வேன். அப்படி எழுதிய டைரிகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன.

வேலையை யாரும் சொல்லித்தரவில்லை. சுவர் சுவராகக் கெடுத்துக் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். முதலில் சுவர்க் கூட்டம். சுவருக்குச் சொந்தக்காரர் யார் என்பது ஒரு பக்கம். அந்தச் சுவரோடு வாழ்கிறவர் யார் என்பது வேறு. அதில் சாய்ந்து உட்கார்ந்து பூ விற்கிறவர், சைக்கிள் சாத்துகிறவர், ஒன்றுக்கு ஒதுங்குகிறவர் வரைக்கும் கூப்பிட்டு, “இங்கே பிள்ளைகள் வரையப் போகிறார்கள், என்ன சொல்றீங்க?” என்று கேட்க வேண்டும். கேட்காமல் வரைந்த சுவர் ஒரு மாதம்கூட நிற்காது, காறித் துப்பிவிடுவார்கள். கேட்டு வரைந்த சுவருக்கு அவர்களே காவல்.

பிறகு கம்பி பிரஷ்ஷால் சுரண்டல், உப்புத்தாள், பிரைமர், இரண்டு நாள் காயவிடுதல். சார்ட் அட்டையில் அங்குலத்துக்கு ஒரு கட்டம், சுவரில் அடிக்கு ஒரு கட்டம். நீலப்பொடியில் புரட்டிய கயிற்றை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொண்டு நடுவில் சுண்டினால், சுவரில் நேராக ஒரு நீலக் கோடு விழும். அதை நூல் அடிப்பது என்பார்கள். அந்தக் கோடு விழும் சத்தத்துக்கே பிள்ளைகள் கத்திக் கும்மாளம் போடுவார்கள்.

எங்கள் மேலாளரை எல்லாரும் ஓவர்சீயர் சார் என்றுதான் கூப்பிடுவோம். முன்பு கட்டட வேலையில் ஓவர்சீயராக இருந்தவர். ஸ்கூட்டரை நிறுத்தியதும் சாவியை எடுத்துக்கொண்டு சுவரின் ஒரு முனையிலிருந்து தட்டிக்கொண்டே வருவார். டக், டக், டக். ஓரிடத்தில் பொத்தென்று கேட்கும். நின்றுவிடுவார். “மல்லிகா, இங்க உள்ள ஈரம். பூச்சு எடுத்துட்டுப் பூசணும். இல்லன்னா புள்ள வரைஞ்சது ஆறு மாசத்துல உரிஞ்சி விழும்.” ஒருமுறைகூட அவர் தட்டியது தப்பியதில்லை. யாரையும் அதட்டியதும் இல்லை. இந்த விஷயத்தில் அவரைப் போல ஒருவர் கிடைக்க மாட்டார்.

சம்மதத் தாள் என்று ஒன்றை நான்தான் கொண்டுவந்தேன். ஒரு பள்ளிச் சுவரில் மூன்றாவது படிக்கும் ஒரு பிள்ளை பச்சைப் பசுவை வரைந்திருந்தது. ஓர் ஆசிரியர் “பசு எங்கடா பச்சையா இருக்கும்?” என்று வெள்ளையடித்துவிட்டார். அந்தப் பிள்ளை அதன் பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை. அதனால் ஒரு விதி. வரைந்த படத்தில் யார் எதை மாற்றச் சொன்னாலும் ஒரு தாள் நிரப்ப வேண்டும். என்ன இருந்தது, என்ன மாற்றம், யார் கேட்டது, ஏன் கேட்டது. கடைசியில் வரைந்த பிள்ளையின் கையெழுத்து. அது இல்லாமல் ஒரு கோடு மாறக்கூடாது. ஓவர்சீயர் சார் படித்துப் பார்த்து, “நல்லாருக்கு, நூறு காப்பி எடுத்து வை” என்றார். எனக்கு அப்போது பெருமை தாங்கவில்லை.

திண்டிவனத்தில் ஒரு குடிநீர்த் தொட்டியின் சுற்றுச்சுவர் கிடைத்தது. பெரிய சுவர், பன்னிரண்டு படம் கொள்ளும். வியாபாரிகள் சங்கம் பெயிண்ட் கொடுத்தது. தெரு இளைஞர் மன்றம் குப்பையை அள்ளியது. பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பீரியடு விட்டார்கள். நாங்கள் எல்லாரையும் கோத்துக் கட்டும் நூல். இதுதான் கூட்டு முயற்சி. சொல்வதற்கு எவ்வளவு நன்றாக இருக்கிறது!

பிள்ளைகள் கிளி வரைந்தார்கள், பஸ் ஸ்டாண்டு வரைந்தார்கள். ஒருத்தி சுற்றுலா போய்வந்த மண்டகப்பட்டுக் குகையை, வாசலில் தின்ற மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைத் தோல் உட்பட வரைந்தாள். ஒன்பதாவது படித்த கௌசல்யா, சுவரின் வடக்கு முனையைக் கேட்டு வாங்கினாள். அவள் வீடு அந்த முனைக்கு நேர் பின்னால். தொட்டியின் நிழல் அவள் தெருவில்தான் விழும். ஆனால் அந்தத் தெருவுக்குக் குழாய் கிடையாது. ரோட்டைத் தாண்டி இரண்டு தெரு நடந்துதான் தண்ணீர் பிடித்து வர வேண்டும்.

அவள் ஒரு பெரிய தொட்டியை வரைந்தாள். அதன் காலடியில் சொட்டுக்கூட விழாத ஒரு குழாய். குழாயின் முன்னால் வரிசையாகக் குடங்கள். ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு முகம். சுவர்க் கூட்டத்தில் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு விளக்கினாள்.

“இது எங்கம்மா குடம், கோவமா இருக்கு. இது எதுத்த வீட்டு அத்தை குடம், அதுக்குக் காது கேக்காது, அதான் திரும்பிக்கினு நிக்குது. கடைசில நிக்கறது என் குடம் மேடம். கொட்டாவி விடுது.”

கூட்டமே சிரித்தது. அந்தச் சுவரில் சாய்ந்து பூக்கட்டும் கன்னியம்மா சொன்னதை அப்போதே எழுதிக்கொண்டேன்: “கொட்டாவி வுடற குடத்த இப்பதான் பாக்கறேன். நல்லா வரைம்மா. எம்முதுகுல மட்டும் சாயம் ஒட்டக் கூடாது.”

மூன்று வாரத்தில் பன்னிரண்டு படமும் முடிந்தன. கௌசல்யாவின் குடங்களைப் பார்க்கவே ஆட்கள் வண்டியை நிறுத்தினார்கள். திறப்புக்கு, எங்களுக்கு நிதி தருகிற இடத்திலிருந்து ஒரு விருந்தினர் வருவதாக முடிவாயிற்று. அதற்கு மூன்று நாள் முன்னால் வியாபாரிகள் சங்கத்திலிருந்து ஒரு துணிக்கடைக்காரர் சுவரைப் பார்க்க வந்தார். வடக்கு முனையில் நின்றவர் நகரவே இல்லை.

“இன்னாம்மா இது? ஊரு அழகாத் தெரியணும்னு பெயிண்ட் குடுத்தா, செவுத்துல பெட்டிஷன் எழுதி வெச்சிருக்கீங்க?”

“புள்ள அதுக்குத் தெரிஞ்சத வரைஞ்சிருக்குங்க.”

“வரையட்டும், யாரு வேணாம்னா? கொழாயில தண்ணி வர்ற மாதிரி நாலு கோடு நீலம் இழுக்கச் சொல்லு. வந்தவங்க மனசும் குளிரும், எங்களுக்கும் பேஜாரு இல்ல.”

ஓவர்சீயர் சார் பக்கத்தில் நின்றார். சாவியை விரலில் சுற்றிக்கொண்டே, “மல்லிகா, அந்தப் பேப்பர் இருக்கில்ல? வாங்கிடு” என்றார்.

அடுத்த நாள் சாப்பாட்டு மணி அடித்ததும் பள்ளிக்குப் போனேன். கௌசல்யா டிபன் பாக்ஸை மூடிவிட்டுத் தாளை வாங்கினாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ‘ஏன் கேட்டது’ என்ற இடத்தில் ‘நம்பிக்கை தரும் விதமாக இருக்க’ என்று நான் எழுதியிருந்தேன்.

“யாருக்கு மேடம் நம்பிக்கை?”

“பாக்கறவங்களுக்குத்தான்.”

“தண்ணி வரலியே மேடம்.”

“வரும்மா. ஒரு நாளைக்கு வரும்.”

“அப்ப தண்ணி வந்தா வரைஞ்சிட்றேன் மேடம்.”

திமிராகச் சொல்லவில்லை. நாளைக்கு வீட்டுப்பாடம் கொண்டுவருகிறேன் என்பதைப் போலச் சொன்னாள். தாளை மடிக்காமல், கசங்காமல் என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

கையெழுத்து இல்லாத தாளைச் சாரின் மேசையில் வைத்தேன். அவர் திட்டவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றி, பேனாவைத் தாளின் மேல் குறுக்காக வைத்தார். டீயை எடுத்து மெதுவாகக் குடித்தார். “நாளன்னிக்குத் திறப்பு. உனக்குத் தெரியாதது இல்ல” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். ‘போடு’ என்று அவர் சொல்லவே இல்லை. சுவரில் எங்கே ஈரம் என்று தட்டிக் கண்டுபிடிக்கிற மனுஷன், என்னை ஒரு தட்டுக்கூடத் தட்டாமல் எங்கே இளகுவேன் என்று கண்டுபிடித்துவிட்டார்.

பேனாவை எடுத்தேன். பிள்ளையின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் எழுதினேன்: ‘மாணவி வாய்மொழியாகச் சம்மதித்தார்.’ கீழே என் பெயர், தேதி. நானே உண்டாக்கிய தாள். பிள்ளைக்குக் காவலாக இருக்கட்டும் என்று நூறு காப்பி எடுத்து வைத்த தாள். அதைக் கொண்டே பிள்ளையின் வாயை அடைத்தேன்.

மறுநாள் பிள்ளைகளுக்குப் பரீட்சை. மதியம் ஒரு பெயிண்டரைக் கூட்டிவந்தோம். அவர் ஏணியில்கூட ஏறவில்லை, குந்தியபடியே குழாயிலிருந்து நீலத்தை இழுத்தார். “அக்கா, தண்ணி எந்தக் கொடத்துல வுழணும்?” என்று கேட்டார். அவராகவே முதல் குடத்தை நிரப்பினார். கடைசிக் குடத்தின் கொட்டாவி ஒரு மாதிரியாக இருக்கிறது என்று, அதன் வாயை மூடிச் சிரிப்பாக்கிவிட்டார். அரை மணி நேர வேலை. கன்னியம்மா பூக்கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அன்றைக்கு என் டைரியில் எழுத எதுவும் இல்லை.

திறப்பு விழாவில் விருந்தினர் வடக்கு முனைக்கு வந்ததும், “எவ்வளவு நம்பிக்கையான படம்! யாருடையது?” என்று கேட்டார். கௌசல்யாவை முன்னால் தள்ளினார்கள். அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரி. விருந்தினர் கை கொடுத்தார், கொடுத்த கையைப் பிடித்தாள். கைத்தட்டல்.

மறுநாள் காலை கன்னியம்மா போன் செய்தாள். “ஜல்தியா வாம்மா, செவுத்தாண்ட வந்து பாரு.”

போனேன். வடக்கு முனையில், வரைந்த குழாயின் முன்னால், நிஜக் குடங்கள் வரிசையாக நின்றன. பச்சை, ஆரஞ்சு, நீலம். பின்னால் அந்தத் தெருப் பெண்கள் பதினைந்து பேர் இருப்பார்கள். முதல் குடத்தின் மேல் கை வைத்துக்கொண்டு கௌசல்யாவின் அம்மா செல்வி. அன்றைக்கு அவர் மல்லாட்டை பிடுங்கும் கூலியை விட்டுவிட்டு நின்றார்.

“இன்னா செல்வி இது?”

“தண்ணி வுட்டுட்டீங்களாமே மேடம்! கைதட்டிக் கொண்டாடுனீங்களாம். எங்க கொடத்துக்கும் ரெண்டு சொட்டு வுழுமான்னு நிக்கறோம்.”

பின்னாலிருந்து ஒருத்தி, “வரிசையில வாங்க மேடம், பூந்துக்கினு வரக் கூடாது” என்றாள். ரோட்டில் போனவர்கள் நின்று சிரித்தார்கள், போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். ஓவர்சீயர் சார் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். என்ன செய்வதென்று தெரியாமல், பழக்க தோஷம், சாவியால் அந்தக் குழாய்ப் படத்தின் பக்கத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

செல்வி சொன்னார்: “தட்டுங்க சார், நல்லாத் தட்டுங்க. அப்பவாவது வருதா பாக்கலாம்.”

நான் அந்தப் பெண்களோடு சேர்ந்து சிரித்திருக்க வேண்டும், அல்லது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. “கூட்டம் போடாதீங்கம்மா” என்றேன். முப்பது வருஷம் கூட்டம் போட்டே பிழைத்தவள் சொன்ன வார்த்தை இது.

சுமார் ஒன்றரை வருஷம் கழித்து அந்தத் தெருவுக்குக் குழாய் வந்தது. போனில் சுற்றிய படத்தாலா, வேறு யாருடைய முயற்சியாலா, எனக்குத் தெரியாது. தெரியாததை எங்கள் அறிக்கையில் எழுத வேண்டாம் என்று மட்டும் அப்போது சொல்லிப் பார்த்தேன். எங்கள் ஓவியத்தால்தான் என்று எழுதினார்கள்.

குழாய் வந்த வாரத்தில் கௌசல்யா அலுவலகத்துக்கு வந்தாள். பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“எங்க தெருவுக்குத் தண்ணி வந்துட்ச்சி மேடம்.”

“கேள்விப்பட்டேம்மா. சந்தோஷம்.”

“தண்ணி வந்தா வரையறேன்னு சொன்னேன்ல. வரையலாம்னு கெளம்பிட்டேன். பாதி வழிலதான் ஞாபகம் வந்துச்சி. நீங்கதான் ஏற்கெனவே வரைஞ்சிட்டீங்களே. நான் இப்ப எங்க வரையறது?”

அந்த இடத்தை மட்டும் வெள்ளையடித்துத் தருகிறேன், முதலிலிருந்து உன் படத்தையே போடு, கொட்டாவி விடும் குடம் உட்பட, என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். “தண்ணி வந்தப்புறம் வெறுங் கொடத்த எப்டி மேடம் வரையறது? பொய்யாயிடும்ல?”

போய்விட்டாள். உண்மையாக இருந்தபோது அவள் படத்தைப் பொய்யாக்கினோம். நாங்கள் இழுத்த தண்ணீர் உண்மையான நாளில் அவளுக்கு வரைய இடமில்லை. இப்போது அவள் கோட்டக்குப்பம் பக்கம் ஒரு கடையில் கணக்கு எழுதுவதாகக் கேள்வி. வரைகிறாளா என்று யாரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போது சொல்லுங்கள், யார் யார் கூட்டு? வியாபாரிகள் சங்கத்தின் பெயர்ப் பட்டை அரை அடி குறைந்தால் சண்டைக்கு வருகிறார்கள். பள்ளியின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போனால் போன் வருகிறது. நிதி கொடுத்தவரின் முத்திரை எந்த மூலையில் என்று கடிதமே வருகிறது. எல்லாருடைய பங்கும் கல்லில் வெட்டியது. பிள்ளையின் பங்கு மட்டும் சாக்பீஸில் எழுதியது, யார் வேண்டுமானாலும் புறங்கையால் துடைக்கலாம். ‘படைப்பாற்றலை ஊக்குவிக்கிறோம்’ என்கிறார்கள். பிள்ளை ஏதாவது சொல்கிற வரைக்கும்தான் அந்த ஊக்கம். சொல்லிவிட்டால் நாலு கோடு நீலம்.

நாங்களாவது வரைந்த படத்தைக் கெடுத்தோம். கெடுக்க ஒரு படம் இருந்தது, எதிர்த்து ஒரு பிள்ளை நின்றது, குடத்தோடு ஒரு தெரு வந்தது. மேம்பாலத்துக்குக் கீழே அந்தத் தொல்லையே கிடையாது. பிள்ளையை வரையவே விடாவிட்டால் மாற்றவும் வேண்டாம், சம்மதமும் வேண்டாம். ஸ்டிக்கர்கூடக் கிழிக்காத பிரஷ் போதும். அந்த மயிலுக்கு எதிராக யார் குடத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்?

நேற்று நித்யா போன் செய்தாள்.

“அக்கா, அந்தப் பேப்பர் ரெடியா? இப்ப இருக்கற மேனேஜர் சார் ஜல்தியா கேக்கறாரு.”

“இருக்கு. கையெழுத்துதான் இல்ல.”

“ஏன்க்கா? எல்லாரும் போட்டுட்டாங்க, நீங்க மட்டும்தான் பாக்கி.”

“பிள்ளைங்க வரைஞ்சா போட்டுட்றேன்.”

“தூண்ல எடமே இல்லியேக்கா. முன்பக்கம் ஃபுல்லா மயிலு” என்றாள்.

“பின்பக்கம் பாத்தியா? போஸ்டர் ஒட்டிக்கினு கெடக்கு. சுரண்டுனா நாலு படம் கொள்ளும். அங்க டீக்கடை வெச்சிருக்கற ஆளையும் ஆட்டோக்காரங்களையும் மொதல்ல கூப்டுக் கேக்கணும்.”

“சார் கிட்ட என்னன்னு சொல்றது?”

“மல்லிகா போட மாட்டேன்னுட்டான்னு சொல்லு. அந்தப் பிள்ளைங்க எந்தப் பள்ளிக்கூடம்னு விசாரிச்சு வை. நானே வர்றேன். நீ வரும்போது அந்தப் பன்னெண்டு பிரஷ்ஷையும் எடுத்துக்கினு வா. ஸ்டிக்கர அந்தப் பிள்ளைங்களே கிழிக்கட்டும்.”